செவ்வெண்டை வந்த வழி

வெண்டைக்காய் என்றதும் நம் நினைவுக்கு வருவது பச்சை நிறம். நுனியை ஒடித்துப் பார்த்து வெண்டை வாங்குவது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். அப்படி ஒடிப்பதற்கு ஒரு சிவப்புக் காய் கையில் வந்தால் பலர் தயங்குகிறார்கள். சாயம் ஏற்றிய காயோ என்று கேட்பவர்களும் உண்டு. சாயம் ஏதும் இல்லை. அது பிறவியிலேயே சிவந்த வெண்டை.

2019-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தச் சிவப்பு வெண்டை செய்தித்தாள்களில் இடம் பிடித்தது. வாரணாசியில் உள்ள இந்தியக் காய்கறி ஆராய்ச்சி நிறுவனம் ‘காசி லாலிமா’ என்ற செந்நிற வெண்டையை உருவாக்கி அறிவித்தது. அதற்கான பணி 1995-96-இல் தொடங்கியது என்றும், இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைப்பு தேவைப்பட்டது என்றும் செய்திகள் கூறின. இதுவரை மேலை நாடுகளிலிருந்து வந்துகொண்டிருந்த காய் இப்போது நம் நாட்டிலேயே விளையப் போகிறது என்ற முறையில் அவை எழுதப்பட்டிருந்தன.

வாசகர் இங்கே சற்று நிற்க வேண்டும். செவ்வெண்டை நமக்குப் புதியதா? 1976-ஆம் ஆண்டிலேயே கோயம்புத்தூரிலிருந்து ஒரு சிவப்பு வெண்டை உழவர்களுக்கு வெளியிடப்பட்டது. அதன் பெயர் ‘கோ.1’. ஐதராபாத்திலிருந்து கிடைத்த ‘ரெட் ஒண்டர்’ என்னும் வகையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது அது. அப்படியிருக்க, நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் அந்த நிறம் ஒரு புதுமையாக நம்மிடம் வந்தது ஏன்? ஒரு காயை ஒரு சமுதாயம் எப்படி மறக்கிறது? மறவாமல் காப்பது எப்படி? வீட்டுத் தோட்டத்தில் ஒரு பிடி விதை ஊன்றப் போகும் எவரும் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு இது.

பெயரும் பிறப்பும்

வெண்டை பருத்தியின் உறவு. செம்பருத்தியும் பூவரசும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. நடுவில் கருஞ்சிவப்புத் திட்டுக் கொண்ட மஞ்சள் வெண்டைப்பூவைப் பருத்திப் பூவுக்கு அருகில் வைத்துப் பார்த்தால் உறவு தானே விளங்கும். 1753-இல் லின்னேயஸ் வெண்டையைச் செம்பருத்தி இனத்திலேயே சேர்த்து ‘ஹைபிஸ்கஸ் எஸ்குலெண்டஸ்’ என்று பெயரிட்டார். 1794-இல் மோயென்ச் என்னும் ஜெர்மானியர் அதை ‘ஏபெல்மாஸ்கஸ்’ என்ற இனத்துக்கு மாற்றினார். இம்மாற்றத்துக்குக் காரணம் உண்டு. செம்பருத்தியில் பூவின் புல்லிவட்டம் காய் முற்றும் வரை நிலைத்து நிற்கும். வெண்டையிலோ அது ஒரு பக்கம் கிழிந்து, இதழ்களோடு சேர்ந்து உதிர்ந்துவிடும். உங்கள் தோட்டத்துச் செடியிலேயே இதைக் கண்டுகொள்ளலாம்.

‘ஏபெல்மாஸ்கஸ்’ என்ற சொல் அரபு மொழியில் ‘கத்தூரியின் தந்தை’ என்னும் பொருளுடைய தொடரிலிருந்து வந்தது. வெண்டையின் நெருங்கிய உறவான கத்தூரி வெண்டையின் விதைக்கு கத்தூரி மணம் உண்டு என்பதே காரணம்.

வெண்டையைப் பற்றிய பழைய குறிப்புகளுள் ஒன்று, 1216-இல் எகிப்துக்குச் சென்ற ஸ்பெயின் நாட்டு முஸ்லிம் அறிஞர் அபுல் அப்பாஸ் அல்-நபாதி எழுதியது. எகிப்தியர் இளங்காயை உணவாகக் கொண்டதை அவர் குறித்தார். ஆப்பிரிக்க அடிமைகள் கடல் கடத்தப்பட்டபோது வெண்டையும் உடன் சென்றது. 1658-இல் அது பிரேசிலில் இருந்ததற்குச் சான்று உண்டு. ஆங்கிலத்தின் ‘ஓக்ரா’ நைஜீரியாவின் இக்போ மொழிச் சொல். அமெரிக்காவில் வழங்கும் ‘கம்போ’ அங்கோலா நாட்டு மொழியிலிருந்து போனது. உடைமை எதுவுமின்றிச் சென்ற மக்கள், உணவின் பெயரை மட்டும் நாவில் சுமந்து சென்றார்கள்.

அறுபத்தைந்தின் கணக்கு

இந்தச் செடியின் பிறப்பிடம் எது? உருசிய அறிஞர் வாவிலோவ் எத்தியோப்பியப் பகுதியின் பயிர்களுள் ஒன்றாக இதைச் சேர்த்தார். ஆனால் இந்திய ஆராய்ச்சியாளர்கள் வேறொரு தடயத்தைக் கண்டனர். அது ஒரு கூட்டல் கணக்கு.

உயிரணுவில் உள்ள குரோமோசோம்கள் பெற்றோரிடமிருந்து பாதிப் பாதியாக வருபவை. சாகுபடி வெண்டையில் பொதுவாக 130 குரோமோசோம்கள், அதாவது 65 இணைகள் உள்ளன. வட இந்தியாவில் காடாய் வளரும் ‘ஏபெல்மாஸ்கஸ் டியூபர்குலேட்டஸ்’ என்னும் செடியில் 29 இணைகளே உண்டு. டில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.பி. ஜோஷியும் எம்.டபிள்யூ. ஹர்தாஸும் இவ்விரண்டையும் கலப்புச் செய்து, பிறந்த செடியின் உயிரணுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். டியூபர்குலேட்டஸின் 29-ம் வெண்டையின் 29-உடன் ஏறத்தாழ இணை சேர்ந்தன. மிஞ்சிய 36 துணையின்றி நின்றன.

65-லிருந்து 29-ஐக் கழித்தால் 36. ஆகவே 29 கொண்ட ஒரு செடியும் 36 கொண்ட மற்றொரு செடியும் எப்போதோ கலந்து, குரோமோசோம்கள் இரட்டித்துப் பிறந்ததே நமது வெண்டை என்று அவர்கள் முடிவு கட்டினர். 1956-இல் ‘நேச்சர்’ இதழில் இது வெளிவந்தது. 36 இணைகள் கொண்ட செடி ஒன்றும் இந்தியாவில் காடாய் வளர்கிறது. பிறப்பிடம் பற்றிய வாதம் இத்துடன் முடிந்துவிடவில்லை. எனினும் வெண்டையின் பெற்றோரில் ஒருவரேனும் நம் நாட்டு வேலியோரத்தில் நின்றிருக்கக்கூடும் என்பதற்கு இந்தக் கணக்கு வலுவான சான்று.

சிவப்பு எங்கே இருக்கிறது?

இனி நிறத்துக்கு வருவோம். செவ்வெண்டையிலும் பச்சையம் உண்டு. அத்துடன் தோலின் வெளி அடுக்குகளில் ‘ஆந்தோசயனின்’ என்னும் நிறமியும் இருக்கிறது. நாவற்பழத்துக்கும் கத்தரிக்காய்த் தோலுக்கும் நிறம் தருவது இந்த வகை நிறமியே.

ஒரு பொருளின் நிறம் அது எந்த ஒளியை விழுங்காமல் திருப்பி அனுப்புகிறது என்பதைப் பொறுத்தது. பச்சையம் நீல-ஊதா ஒளியையும் சிவப்பு ஒளியின் ஒரு பகுதியையும் விழுங்கிவிடும். நடுவில் உள்ள பச்சையைப் பெரிதும் விட்டுவிடும். ஆந்தோசயனின் விழுங்குவதோ அந்த நடுப்பகுதியை, ஏறத்தாழ 500 முதல் 550 நானோமீட்டர் வரையிலான பச்சை ஒளியை. இரண்டும் ஒரே தோலில் இருந்தால் தப்பி வருவது சிறிதளவு சிவப்பே. செவ்வெண்டை தக்காளியைப் போலப் பளீரென்று சிவக்காமல் கருஞ்சிவப்பாகத் தோன்றுவது இதனால்தான்.

இதனை வீட்டிலேயே சோதிக்கலாம். பச்சை நிறக் கண்ணாடித் தாளை நான்கு மடிப்பாக மடித்து, அதன் வழியே காயையும் இலையையும் பாருங்கள். இலை பச்சையாகவே தெரியும். காய் ஏறத்தாழக் கறுத்துத் தெரியும். பச்சை ஒளியைத் திருப்பி அனுப்பக் காயினால் முடியவில்லை.

இன்னொரு சோதனை. காயின் தோலை மட்டும் சீவி எடுத்துச் சிறிது வெந்நீரில் போடுங்கள். நிறமி நீரில் கரைந்து இறங்கும். தோல் பச்சையாக மாறும். அந்த நீரை வடிகட்டி இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி, ஒன்றில் எலுமிச்சைச் சாறும் மற்றொன்றில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் இடுங்கள். முதலாவது சிவப்பு ஏறும். இரண்டாவது நீலமும் பச்சையுமாக மாறும். பள்ளி ஆய்வகத்தின் லிட்மசுக்கு ஈடாக ஒரு காட்டி உங்கள் சமையலறையில் கிடைத்துவிட்டது.

இதில் இல்லத்தரசிகளுக்கும் ஒரு செய்தி உண்டு. சாம்பாரில் கொதித்த செவ்வெண்டை பச்சையாகிவிடும். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. வெப்பத்தால் உயிரணுவின் சவ்வுகள் சிதைந்து, உள்ளே அடைபட்டிருந்த நிறமி குழம்பில் கலந்துவிடுகிறது. நிறமியின் பயன் வேண்டுவோர் எண்ணெயில் சற்றே வதக்கி உண்பது நல்லது. ஆனால் செவ்வெண்டை இன்ன நோயைத் தீர்க்கும் என்று சொல்லித் திரிவதை நம்ப வேண்டாம். அது சத்துள்ள காய், மருந்தன்று.

சைதாப்பேட்டையிலிருந்து கோவை

தமிழ்நாட்டில் பயிர் ஆராய்ச்சியின் தொடக்கம் சென்னையின் தென் எல்லையில்தான் நிகழ்ந்தது. 1868-இல் சைதாப்பேட்டையில் வேளாண்மைப் பள்ளி ஒன்று தோன்றியது. 1906-இல் அப்பணி கோயம்புத்தூருக்கு மாறியது. 1971-இல் அங்கே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. நெல்லானாலும் வெண்டையானாலும் கோவையில் உருவான இரகங்கள் ‘கோ’ என்ற எழுத்தைத் தாங்கி வருவது இதனால்தான்.

பல்கலைக்கழகம் அமைந்த ஐந்தாம் ஆண்டில், வெண்டையில் அதன் முதல் இரகமாக வந்தது கோ.1. முதல் எண்ணைப் பெற்ற வெண்டையே சிவப்பு என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். அதே 1976-ஆம் ஆண்டில்தான், விதை வளங்களைத் திரட்டிக் காப்பதற்கென்றே தேசியத் தாவர மரபு வளக் கழகம் டில்லியில் நிறுவப்பட்டது.

அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் உருவான ‘பர்கண்டி’ என்ற சிவப்பு வெண்டை உலகெங்கும் பெயர் பெற்றது. அது அனைத்து அமெரிக்கத் தேர்வுப் பரிசைப் பெற்றது 1988-இல். கோ.1 வெளியாகிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்! சிவப்பு வெண்டை மேலை நாட்டுச் சரக்கு என்ற எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதற்கு இந்த இரண்டு ஆண்டுகளே போதும்.

மஞ்சள் நரம்பின் ஆட்சி

அப்படியானால் செவ்வெண்டை ஏன் பின்தங்கியது? அந்த ஆண்டுகளில் வெண்டை ஆராய்ச்சியின் கவனமெல்லாம் எங்கே இருந்தது என்று பார்த்தால் விடை ஓரளவு புலப்படும். நிறத்தைப் பற்றி நினைக்க அவர்களுக்கு நேரமில்லை. ஒரு நோய் வாசலில் நின்றது.

வெண்டை இலையின் நரம்புகள் மஞ்சளாகி, பச்சைத் திட்டுகளைச் சுற்றி வலை போலப் படர்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முற்றிய நிலையில் இலை முழுவதும் வெளுத்துவிடும்; காயும் வெளிறிக் கட்டையாகும். பம்பாய் மாகாணத்தில் 1924-இல் குல்கர்னி இதை முதலில் பதிவு செய்தார். 1940-இல் உப்பால், வர்மா, காபூர் ஆகியோர் இதற்கு ‘நரம்பு மஞ்சள் தேமல்’ என்று பெயரிட்டனர். இலைக்கு அடியில் மாவு தூவியது போல் ஒட்டியிருக்கும் வெள்ளை ஈயே நோயைச் செடிக்குச் செடி கொண்டு செல்கிறது என்பது 1950-ஐ ஒட்டித் தெளிவாயிற்று.

சேதத்தின் அளவு அச்சமூட்டுவது. முளைத்த 50-ஆம் நாளில் நோய் கண்ட செடியில் 84 விழுக்காடும், 65-ஆம் நாளில் கண்ட செடியில் 49 விழுக்காடும் விளைச்சல் குறைவதாக 1974-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. இளமையில் தாக்கினால் செடியை மறந்துவிட வேண்டியதுதான்.

இந்தப் போரில் முதல் வெற்றி டில்லியில் கிடைத்தது. வங்காளத்திலிருந்து வந்த, நோயைத் தாங்கியும் அறிகுறி காட்டாத ஒரு வகையை ‘பூசா மக்மாலி’யுடன் கலந்து ஹர்பஜன் சிங்கும் உடனிருந்தோரும் உருவாக்கிய ‘பூசா சவானி’ 1960-ஐ ஒட்டி வெளியாயிற்று. நாடு முழுவதும் அதுவே பரவியது. தமிழ்நாட்டிலும் அதன் வழித்தோன்றல்கள் உண்டு: மதுரையின் எம்.டி.யு.1 அதிலிருந்து திடீர் மாற்றத்தைத் தூண்டிப் பெறப்பட்டது. 1987-இல் வந்த கோ.2-க்கு அது பெற்றோரில் ஒன்று. ஆனால் காலப்போக்கில் பூசா சவானியின் எதிர்ப்பு ஆற்றல் தேய்ந்தது. 1980-களில் ஆராய்ச்சியாளர்கள் காட்டு உறவுகளைத் தேடிச் சென்றனர். மராட்டியத்தின் ‘பர்பனி கிராந்தி’யும் பெங்களூரின் ‘அர்க்கா அனாமிகா’வும் ‘ஏபெல்மாஸ்கஸ் மேனிஹாட்’ என்ற உறவுச் செடியின் எதிர்ப்பு ஆற்றலைப் பெற்று வந்தவை.

இவை யாவும் பச்சைக் காய்கள். சந்தையும் ஏற்றுமதியும் வேண்டியதும் கரும்பச்சையான, மென்மையான, ஒரே அளவான காயே. நோயை எதிர்க்கும் பச்சை வெண்டை வண்டி வண்டியாகச் சந்தைக்கு வந்தபோது, சிவப்புக்கென்று தனியே கேட்பார் இல்லை. ஒரு விதை அழிய அதை யாரும் வெறுக்க வேண்டியதில்லை. அடுத்த பருவத்தில் ஊன்ற மறந்தாலே போதும்.

நோயின் முழுக் காரணம் தெரிய 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைத் தெளிவாக்கியவர்கள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ஜாய்ஸ் ஜோஸ், ஆர். உஷா ஆகிய இரு ஆராய்ச்சியாளர்கள். நச்சுயிரியின் டி.என்.ஏ.வை மட்டும் செடிக்குள் செலுத்தியபோது நோயின் உண்மையான தோற்றம் வரவில்லை. அதில் பாதியளவே உள்ள மற்றொரு டி.என்.ஏ. வளையத்தையும் சேர்த்துச் செலுத்தியபோதுதான் நரம்புகள் மஞ்சளாயின. ‘பீட்டா துணைக்கோள்’ என்று அழைக்கப்படும் இது தனித்து வாழ இயலாதது. நச்சுயிரியை அண்டிப் பெருகுவது. ஆனால் அதன் துணையின்றி நச்சுயிரியும் முழு வலிமை பெறுவதில்லை. இருவர் கூட்டாகச் செய்யும் களவு இது.

மறைமலை நகர்த் தோட்டத்தில்

தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கிய மறைமலை நகர், சென்னையின் நெருக்கடியைக் குறைக்க 1980-ஆம் ஆண்டளவில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி உருவாக்கப்பட்ட துணை நகரம். தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு வரை இவ்வழியில் உள்ள மனைகளில் செம்மண்ணும் சரளையும் கட்டட இடிபாடும் கலந்து கிடப்பது வழக்கம். இம்மண்ணில் வெண்டை வருமா என்று கேட்பவர்களுக்கு, வரும் என்பதே விடை. வெண்டை முரட்டுச் செடி. ஆனால் அதற்கு மூன்று செய்திகளைத் தெரிந்துகொண்டு விதைக்க வேண்டும்.

முதலாவது, ஆணிவேர். வெண்டையின் வேர் நேராகக் கீழே இறங்கும். பிடுங்கி நட்டால் வருந்தும். ஆகவே நாற்றுவிட வேண்டாம். நிற்கும் இடத்திலேயே விதையை ஊன்றுங்கள். ஓரடி ஆழத்துக்குக் கொத்தி, சரளையைப் பொறுக்கி, மட்கிய சாண எருவைக் கலந்தால் போதுமானது. வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். மாடியில் பையில் வளர்ப்பவர்கள் பைக்கு ஒரு செடி என்று கொள்ளுங்கள்.

இரண்டாவது, விதையின் தோல். அது கெட்டியானது. முன்னிரவில் நீரில் ஊறவைத்துக் காலையில், குழிக்கு இரண்டு விதையாக, விரல்கணு ஆழத்தில் ஊன்றினால் நான்கைந்து நாளில் முளைக்கும். பிறகு நல்ல கன்று ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடுங்கள். நீக்கும்போதே ஒரு தேர்வு செய்யலாம். செவ்வெண்டையின் கன்றில் தண்டும் இலைக்காம்பும் இளமையிலேயே சிவந்திருக்கும். தண்டு முற்றிலும் பச்சையான கன்று வந்தால், விதையில் கலப்பு இருந்தது என்று பொருள்.

மூன்றாவது, பருவம். தமிழ்நாட்டுக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் பருவங்கள் சூன் முதல் ஆகஸ்டு வரையும் பிப்ரவரியும். நம் பகுதிக்கு இதைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். வெண்டையின் ஆயுள் ஏறத்தாழ நூறு நாள். சூனில் ஊன்றினால் வடகிழக்குப் பருவமழை கொட்டுவதற்கு முன் பறிப்பு பெரும்பாலும் முடிந்துவிடும். ஆகஸ்டில் ஊன்றினால் நீர் தேங்கும் நாட்களில் வேர் மூச்சுத் திணறும். பிப்ரவரி விதைப்பில் மழைத் தொல்லை இல்லை. ஆனால் வெயில் ஏற ஏற வெள்ளை ஈ பெருகும். காய்க்கு ஆனிப்பட்டம், விதைக்கு மாசிப்பட்டம் என்று பிரித்துக்கொள்வது நலம். மாசியில் விதைத்த செடியின் நெற்றுகள் வறண்ட கோடையில் நன்கு காயும்.

வெள்ளை ஈக்கும் ஒளியியலிலேயே ஒரு மருந்து உண்டு. அது மஞ்சள் நிறத்தை நாடி வரும் பூச்சி. மஞ்சள் அட்டை ஒன்றில் ஆமணக்கு எண்ணெய் தடவிச் செடியின் உயரத்துக்குக் கட்டித் தொங்கவிட்டால் வந்து ஒட்டிக்கொள்ளும். நரம்பு மஞ்சளான செடி கண்ணில் பட்டால் அன்றே வேரோடு பிடுங்கி அகற்றுங்கள். அதன்மீது இரக்கம் காட்டுவது மற்றச் செடிகளுக்குச் செய்யும் தீங்கு.

நாற்பது நாட்களையொட்டிப் பூக்கத் தொடங்கும். பூ மலர்ந்த ஐந்து முதல் ஏழு நாட்களுக்குள் காயைப் பறித்துவிட வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தால்தான் செடி மேலும் மேலும் காய்க்கும்.

ஐந்நூறு மனைகளின் கணக்கு

இப்போது மையமான செய்திக்கு வருகிறோம். காய் பறிப்பது எளிது. விதை காப்பதே அருமை.

வெண்டைப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே உள்ளன. பூச்சியின் உதவி இல்லாமலே அது காய்க்கும். ஆனால் தேனீ வந்து அமர்ந்தால் அடுத்த வீட்டு மகரந்தமும் வந்து சேரும். ஆகவேதான் சான்று விதை உற்பத்தி செய்வோர், மற்ற வெண்டைப் பயிரிலிருந்து 200 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதைச் சான்று விதி. ஆதார விதைக்கு 400 மீட்டர்.

இதை நம் தெருவுக்குப் பொருத்திப் பார்ப்போம். 200 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 1,25,600 சதுர மீட்டர். 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டு மனை ஏறத்தாழ 223 சதுர மீட்டர். வகுத்தால் 563 வருகிறது. சாலைகளைக் கழிக்காமல் பார்த்தால், ஐந்நூறுக்கு மேற்பட்ட மனைகளை அந்த வட்டம் வளைத்துக்கொள்ளும். அவற்றில் ஒரு வீட்டிலும் பச்சை வெண்டை இருக்கக் கூடாது என்று நாம் சொல்ல முடியுமா?

இதைவிடவும் ஒரு சிக்கல் உண்டு. வெண்டையில் சிவப்பு நிறம் பச்சையை மேலோங்கும் இயல்புடையது. சிவப்புச் செடிக்குப் பச்சையின் மகரந்தம் சேர்ந்தாலும் பிறக்கும் செடி சிவப்பாகவோ சற்று வெளிறிய சிவப்பாகவோ இருக்கும். பார்ப்பவர் கலப்பில்லை என்றே நினைப்பார். அந்தச் செடியின் விதையை மீண்டும் ஊன்றும்போதுதான், மெண்டலின் கணக்குப்படி நான்கில் ஒன்று பச்சையாக வெளிப்படும். மகனிடம் மறைந்திருந்தது பேரனிடம் தெரிவது போல. பிழை நேர்ந்தது ஒரு பருவத்தில், தெரிவது வேறொரு பருவத்தில். விதை ‘கெட்டுப்போனது’ என்று பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

தொலைவு இல்லாதவனுக்கு நூல் இருக்கிறது. நாளை மலரப் போகும் மொட்டை முன் மாலையே அடையாளம் காணலாம். மஞ்சள் இதழ் நுனி சற்றே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நுனியை ஒரு பருத்தி நூலால் மெல்லக் கட்டிவிடுங்கள். காலையில் பூ திறக்க முயலும். நூல் திறக்க விடாது. தேனீ நுழைய வழியில்லை. உள்ளே தன் மகரந்தமே தன் சூல்முடியில் படிந்து காய் பிடிக்கும். பிற்பகலில் பூ வாடிவிடும். ஓரிரு நாளில் இதழ்கள் நூலோடு உதிரும். நீங்கள் செய்ய வேண்டியது, அந்தக் காம்பில் வேறொரு நிற நூலைத் தளர்வாகக் கட்டி, ‘இது விதைக்கு; பறிக்கக் கூடாது’ என்று வீட்டிலுள்ளோர்க்கு அறிவிப்பதே. இல்லையேல் அடுத்த வாரம் அது பொரியலாகிவிடும்.

ஒரே செடியில் எல்லா விதையும் எடுக்காமல், நோயற்ற எட்டுப் பத்துச் செடிகளிலிருந்து செடிக்கு இரண்டு மூன்று காய்களை விடுங்கள். பூத்த ஐந்து வாரத்தையொட்டி நெற்று காய்ந்து விளிம்புகளில் வெடிக்கத் தொடங்கும். அப்போது பறித்து நிழலில் உலர்த்தி, விதையைப் பிரித்து, காற்றுப் புகாத புட்டியில் ஆண்டும் இரகமும் எழுதி வையுங்கள். நம் கடலோர ஈரக் காற்றே விதைக்குப் பெரும்பகை. ஒரு நெற்றில் நாற்பது ஐம்பது விதைகள் இருக்கும். இருபது நெற்றுகளில் ஒரு தெருவுக்கே போதுமான விதை கிடைத்துவிடும்.

ஒன்றைக் கவனிக்கவும். கடையில் வாங்கிய பொட்டலத்தில் ‘வீரிய ஒட்டு’ அல்லது ‘எஃப் 1’ என்று அச்சிட்டிருந்தால் மேற்கண்ட உழைப்பு பயன்படாது. அதன் விதை தாயைப் போல வராது. காசி லாலிமா போன்ற தேர்வு இரகமோ, நாட்டு விதைத் திருவிழாக்களில் கைமாறும் சிவப்பு வெண்டையோ கிடைத்தால் இம்முறை முழுப் பயன் தரும்.

கோ.1-இன் வரலாறு நமக்குச் சொல்வது இதுதான். ஆராய்ச்சி நிலையம் ஒரு விதையைப் பிறப்பிக்கலாம். டில்லியின் குளிர் அறை அதை உறங்க வைத்துக் காக்கலாம். ஆனால் அது சமையலறைக்கும் சந்தைக்கும் தெரிந்த காயாக நிலைக்க வேண்டுமானால், ஆண்டுதோறும் யாராவது அதை மண்ணில் ஊன்றிக்கொண்டே இருக்க வேண்டும். வரும் மாசியில் பத்துச் செடி போடுங்கள். மொட்டைக் கட்டும் வேலையைப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். அவர்கள் கண்ணுக்குத்தான் இதழ் நுனி முதலில் தெரியும். விதை எடுத்ததும் பாதியை உங்கள் புட்டியில் வைத்துக்கொண்டு, மறுபாதியைக் குறைந்தது மூன்று வீடுகளுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது நூல் கட்டும் முறையையும் சொல்லிக் கொடுங்கள். ஒரு வீட்டில் மழையோ ஈயோ பயிரைக் கொண்டுபோனாலும், மற்ற வீடுகளிலிருந்து விதை திரும்பி வரும்.